ஆயில் எஞ்சின் பிளாக்கை யாரிடம் கொடுப்பது?

டீசல் எஞ்சின் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு வரும் செலவுகளில் மிகவும் கலங்க வைப்பது பிளாக் வேலை. நாசில் மாற்றுவது, வால்வு தேய்ப்பது, கேஸ்கெட் போடுவது போன்றவை உள்ளூர் மெக்கானிக்கோடு முடிந்துவிடும். "பிளாக்கைக் கழற்றி டவுனுக்கு அனுப்ப வேண்டும்" என்று மெக்கானிக் சொன்னதும் காரியம் விவசாயியின் கையை விட்டுப் போய்விடுகிறது. எந்தப் பட்டறைக்குப் போகிறது, யார் கை வைக்கிறார்கள், எவ்வளவு இரும்பைக் கடைந்து எடுக்கிறார்கள் என்று எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. நான்கு நாளில் வரும் என்ற பிளாக் பதினைந்து நாளில் வருகிறது. அதற்குள் நாற்று முற்றிவிடுகிறது, அல்லது கதிர் வாங்கும் நேரத்தில் வயல் வெடித்துவிடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு வந்த எஞ்சின் ஒரு போகம் ஒழுங்காக ஓடினால் அதுவே பெரிது என்ற நிலை பல ஊர்களில் இருக்கிறது.

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல. கிராமத்து மெக்கானிக்கிடம் ஸ்பேனரும் அனுபவமும் உண்டு. போரிங் எந்திரம் கிடையாது. அவர் தமக்குப் பழக்கமான இடத்துக்குத்தான் அனுப்புவார். சில இடங்களில் பட்டறைக்காரர் அவருக்கு ஒரு தொகை கொடுப்பதும் உண்டு; அது ஊரறிந்த விஷயம். ஆனால் எஞ்சின் யாருடையதோ அவர் பட்டறையைப் பார்க்காமல் இருப்பதுதான் பெரிய தவறு. மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். அந்த மாட்டைவிட அதிக விலையுள்ள எஞ்சினின் நெஞ்சை அறுக்கக் கொடுக்கும்போது மட்டும் பட்டறை இருக்கும் தெருப்பெயர்கூடத் தெரியாமல் கொடுத்துவிடுகிறார்.

இப்போதெல்லாம் யார் ஆயில் எஞ்சின் ஓட்டுகிறார்கள் என்று கேட்பவர் உண்டு. தமிழ்நாட்டில் 1980-களின் நடுவில் சிறு விவசாயிகளுக்கும், பிறகு 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட்டுக்கு இலவச மின்சாரம் வந்தது. அதன் பிறகு ஆயில் எஞ்சின் குறைந்தது உண்மை. ஆனால் ஒழிந்துவிடவில்லை. மின் இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர், வாய்க்காலிலும் வடிகாலிலும் இறைத்துப் பாய்ச்சுபவர், தமது பேரில் இணைப்புக் கேட்க முடியாத குத்தகைக்காரர் ஆகியோருக்கு இன்னும் டீசல்தான் கதி. டிராக்டரும் பவர் டில்லரும் வைத்திருப்பவர்களுக்கும் இதே பிளாக் பிரச்சினை உண்டு. குறைந்து வருவது என்னவென்றால், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை நன்றாக அறிந்த பட்டறைகள்தான். வேலை வரத்துக் குறைந்தால் ஆள் வேறு தொழிலுக்குப் போகிறான். அதனால் நல்ல பட்டறையைத் தேடுவது முன்னைவிட இப்போது கடினமாகி இருக்கிறது.

ஒரு வசதி உண்டு. நம் ஊர்களில் ஓடும் எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டொரு பழைய அமைப்பைச் சேர்ந்தவை. 'பீட்டர்' என்று விவசாயிகள் சொல்லும் ரகத்தில் 5 எச்.பி. எஞ்சினுக்குச் சிலிண்டர் விட்டம் 80 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 110 மி.மீ., வேகம் நிமிஷத்துக்கு 1500 சுற்று. கிர்லோஸ்கர் ஏ.வி.1 இந்த அளவுதான். பெரிய வீல் வைத்து மெதுவாக ஓடும் 'லிஸ்டர்' ரகத்தில் 6 எச்.பி.க்கு விட்டம் 4½ அங்குலம், ஓட்டம் 5½ அங்குலம், வேகம் 650 சுற்று. இங்கிலாந்தில் பிறந்த அந்த அமைப்பைப் பார்த்து ராஜ்கோட்டில் பல கம்பெனிகள் ஏராளமாகச் செய்தன. இப்படிப் பொது அளவாக இருப்பதால் லைனர், பிஸ்டன், ரிங் ஆகியவை இன்றும் கடையில் கிடைக்கின்றன. சாமான் கிடைக்கும்போது எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. கெடுவது பெரும்பாலும் வேலையால்தான்.

என்ன வேலை என்று முதலில் தெரிய வேண்டும்

'பிளாக் வேலை' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது ஒரே வேலை அல்ல. கிராமத்தில் 'போர்' என்றால் ஆழ்குழாய்க் கிணறுதான் நினைவுக்கு வரும். எஞ்சின் போரிங் என்பது வேறு. சிலிண்டரின் உட்சுவரைச் சரியான வட்டமாகக் கடைவது. ஆனால் எல்லா எஞ்சினுக்கும் அது தேவைப்படுவதில்லை.

சில எஞ்சின்களில் லைனரைச் சுற்றி நேராகத் தண்ணீர் நிற்கும். இது வெட் லைனர். தேய்ந்தால் பழையதை உருவிவிட்டுப் புதிய லைனர் செட் போட்டால் போதும், போரிங் வேண்டாம். வேறு சில எஞ்சின்களில், பல டிராக்டர்களிலும்கூட, லைனர் பிளாக்கின் இரும்புக்குள் இறுக்கமாக அடித்து ஏற்றப்பட்டிருக்கும். இது டிரை லைனர். இதை எடுத்துப் போட அழுத்து எந்திரமும், போட்ட பின் உள்ளே கடைந்து முடிக்கும் எந்திரமும் வேண்டும். லைனரே இல்லாமல் பிளாக்கிலேயே சிலிண்டர் உள்ளவை மூன்றாவது வகை. இவற்றைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கடைந்து கடைந்து எல்லை தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

தம் எஞ்சின் எந்த வகை என்பதை விவசாயி தெரிந்து வைத்துக்கொண்டாலே பாதிச் செலவு ஏமாற்றம் தவிரும். வெட் லைனர் எஞ்சினுக்குப் போரிங் கூலி போட்ட பில்லைக் கொடுத்தால், எதைக் கடைந்தார்கள் என்று கேட்க வேண்டும். பழைய லைனரையே கடைந்து கொடுப்பதும் ஒரு முறைதான், அதில் தவறில்லை. ஆனால் ஒற்றைச் சிலிண்டருக்குப் புது லைனர் செட்டின் விலைக்கும் அந்தக் கூலிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று விசாரித்த பிறகு அதற்குச் சம்மதிக்கலாம்.

வெட் லைனர் எஞ்சின்களில் பலரும் கவனிக்காமல் விடும் கோளாறு ஒன்று இருக்கிறது. லைனரின் அடிப்பக்கம் ரப்பர் வளையம் உட்காரும் இடத்தில், பிளாக்கின் இரும்பு துருவேறிக் குழிகுழியாக அரித்துப் போகிறது. கிணற்று உப்புத் தண்ணீரையே எஞ்சினுக்குள் விட்டுக் குளிரவைக்கும் ஊர்களில் இது மிகுதி. புதிய லைனர், புதிய ரப்பர் வளையம் போட்டும் தண்ணீர் கசிந்து ஆயில் தொட்டிக்குள் இறங்கும். ஆயில் மோர் போல வெளுத்துவிடும். அந்த ஆயிலோடு நான்கு நாள் ஓட்டினால் பேரிங்கும் கிராங்கும் போய்விடும். "புது லைனர் போட்டும் சரியாகவில்லை, இனி எஞ்சினே போச்சு" என்று இந்த நிலையில் எத்தனையோ எஞ்சின்கள் எடைக்குப் போகின்றன. உண்மையில் அரித்த இடத்தைச் சற்றே கடைந்து வளையம் இறக்கி, மறுபடி சரியான அளவுக்குக் கொண்டுவந்தால் அந்தப் பிளாக் இன்னும் பல ஆண்டு ஓடும். இது சாதாரணக் கடைசல் பட்டறை வேலை அல்ல. பிளாக்கை எந்திரத்தில் சாயாமல் கட்டி, பழைய மையத்தைப் பிடித்துக் கடையத் தெரிந்தவர் வேண்டும். பட்டறை தேடி அலைய வேண்டிய அவசியம் இப்படிப்பட்ட வேலைக்குத்தான் வருகிறது.

லைனரின் மேல் விளிம்பு உட்காரும் படியும் அப்படித்தான். லைனர் பிளாக்கின் மேல்தளத்துக்கு மேல் மிகச் சிறிதளவு, மில்லி மீட்டரில் ஒரு சிறு பங்கு, துருத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் ஹெட்டை இறுக்கும்போது கேஸ்கெட் பிடிக்கும். படி அரித்துப் போயிருந்தால் லைனர் கீழே இறங்கிவிடும். எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் ஊதும். ஆறு மாதத்தில் மூன்று கேஸ்கெட் போட்டவர்கள் கேஸ்கெட் கம்பெனியைத் திட்டுவதை விட்டு இந்தப் படியை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

அளக்காமல் கத்தி வைக்கக் கூடாது

நல்ல பட்டறைக்கு ஒரே அடையாளம் சொல்ல வேண்டுமானால் அது அளவெடுப்பது. எந்திரம் பெரிதா சிறிதா, கட்டடம் புதிதா பழையதா என்பதெல்லாம் பிறகு. பிளாக்கை இறக்கியதும் துடைத்துவிட்டு, டயல் வைத்த போர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில், ஆக ஆறு அளவு எடுக்கிறவர்தான் வேலைக்காரர். விரலை விட்டுத் தடவிப் பார்த்து "இது 20 போகும்" என்று சொல்பவரிடம் பிளாக்கை விட்டுவிட்டு வரக் கூடாது. அவர் அனுபவசாலியாகவே இருக்கலாம். ஆனால் தலைமுடியின் கனமே சுமார் 0.07 மி.மீ.; அதற்கும் குறைந்த வித்தியாசங்கள்தான் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. விரலுக்கு அது தெரியாது.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில், அதாவது உச்சிக்குச் சற்றுக் கீழே, அதிகமாகத் தேயும். அங்கே சூடும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. கீழே போகப் போகத் தேய்வு குறையும். பிஸ்டன் சாய்ந்து அழுத்தும் பக்கத்தில் முட்டை வடிவமாகவும் ஆகும். அதனால் ஒரே இடத்தில் எடுத்த அளவு ஓர் அளவே அல்ல.

போர் கேஜ் இல்லாத ஊரிலும் விவசாயி ஓரளவு தாமே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. புதிய ரிங் ஒன்றை, பிஸ்டனால் தள்ளிச் சாயாமல், சிலிண்டரின் அடியில் ரிங் ஓட்டம் படாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ரிங்கின் வாயில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். பிறகு அதே ரிங்கை மேலே, தேய்வு அதிகமுள்ள இடத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வந்துவிடும். கீழே 0.30, மேலே 0.93 என்றால் வித்தியாசம் 0.63, தேய்வு 0.20 மி.மீ. முட்டை வடிவத்தை இது காட்டாது என்றாலும் பட்டறைக்காரர் சொல்லும் கணக்கு நம்பத்தக்கதா என்று பார்க்க உதவும். ஃபீலர் கேஜ் பெரிய விலை இல்லை. ஆயில் எஞ்சின் உள்ள வீட்டில் இருக்க வேண்டிய பொருள் அது.

அளவைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். கடைவதற்கு முன் என்ன, கடைந்த பின் என்ன என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவர் அளக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். எழுதியதை எஞ்சின் நம்பரோடு சேர்த்து வீட்டில் வைத்திருந்தால் அடுத்த முறை வேலை வரும்போது பயன்படும்.

பிஸ்டன் முன்னால், போரிங் பின்னால்

ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கும். பழைய மேஸ்திரிகள் 10, 20, 30, 40 'தவ்' என்பார்கள். ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சுமார் 0.025 மி.மீ. தேய்வு போய் வட்டம் வருவதற்கு எந்தப் படி போதுமோ அதில்தான் நிற்க வேண்டும். 0.25-ல் தீர வேண்டியதை 0.75-க்குக் கொண்டுபோனால் பிளாக்கின் இரண்டு வாழ்நாளை ஒரேயடியாகத் தின்றதாகும். "கடையில் 75 தான் இருந்தது, அதனால் 75-க்கு அடித்துவிட்டேன்" என்பது பல பட்டறைகளில் கேட்கும் பேச்சு. பக்கத்து ஊர்க் கடையில் 25 கிடைக்குமா என்று ஒரு நாள் தேடியிருந்தால் பிளாக் பிழைத்திருக்கும்.

இதில் மாறாத முறை ஒன்று உண்டு. பிஸ்டனை வாங்கிக்கொண்டு போய்க் கையில் கொடுத்த பிறகுதான் போரிங் செய்யச் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் 0.50 என்று அச்சடித்திருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் சிறிது வித்தியாசம் இருக்கும். பட்டறைக்காரர் அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, கம்பெனி சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்த அளவுக்குப் போரை முடிக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் சூடேறியதும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் தட்டும், ஆயில் குடிக்கும்.

கத்தியால் கடைந்ததோடு வேலை முடியாது. கடைசிச் சிறு பகுதியை விட்டுவைத்து, அதை ஹோனிங் கல்லால் முடிக்க வேண்டும். ஹோனிங் செய்த சுவரில் குறுக்குக் கோடுகள் வலைபோல் தெரியும். அந்தக் கோடுகள்தான் ஆயிலைப் பிடித்து வைத்து ரிங்கைப் பதியவைக்கின்றன. கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தால் விவசாயிக்குப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ரிங் பதியாது. ஹோனிங் எந்திரம் இல்லாமல் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்துக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. அந்தப் பட்டறையைத் தாண்டி நடந்துவிடுவதே மேல்.

டிராக்டர் பிளாக்காக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். போரிங் பாரைப் பிளாக்கின் மேல்தளத்தின் மீது வைத்துக் கட்டிக் கடையும் பட்டறைகள் அதிகம். அந்தத் தளத்தில் பழைய கேஸ்கெட் துணுக்கோ துருவோ இருந்தால் எந்திரம் சாயும், போரும் சாய்ந்துவிடும். கிராங்குக்கு நேர் செங்குத்தாக இல்லாத சிலிண்டரில் பிஸ்டன் ஒரு பக்கமாகவே உரசும். தளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகே எந்திரம் வைக்கிறாரா என்று ஐந்து நிமிஷம் நின்று பார்த்தால் போதும், ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். பேரிங் கடித்து எஞ்சின் பிடித்துப்போன கேஸ் என்றால் மெயின் பேரிங் உட்காரும் துளைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்றும் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதைச் சரிசெய்யும் லைன் போரிங் எந்திரம் எல்லா ஊரிலும் இருக்காது. கிராங்கை மட்டும் கிரைண்டிங் செய்து புதுப் பேரிங் போட்டுவிட்டால் மறுபடியும் கடிக்கும்.

வெடித்த பிளாக்

எஞ்சின் கொதித்துப்போன பதற்றத்தில் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றுவதால் வெடிக்கும் பிளாக்குகள் கொஞ்சம் அல்ல. வார்ப்பிரும்புக்குத் திடீர்க் குளிர்ச்சி ஆகாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, தானாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறையே போதும். இடத்தை நன்றாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். மேலே உலரத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியைப் பூசினால், விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே வந்து கோடு காட்டும். நீர் அறைக்குள் காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கும் வசதி உள்ள பட்டறை இன்னும் நல்லது.

விரிசல் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். வெளிச்சுவரில், தண்ணீர் அறையை ஒட்டி இருந்தால் சரிசெய்யலாம். வார்ப்பிரும்பைச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் சிறிது சிறிதாகப் பற்றவைத்து, மெதுவாக ஆறவிடுவது ஒரு முறை. பித்தளைப் பற்று இன்னொன்று. சூடே இல்லாமல் வரிசையாகத் துளையிட்டு மரைக் கம்பிகளை ஏற்றித் தைப்பது மூன்றாவது. சாதாரண இரும்புக் கம்பியால் கேட் பற்றவைப்பதுபோல் பற்றவைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் ஓடும். விரிசல் மெயின் பேரிங் தாங்கும் இடத்திலோ லைனர் படியிலோ இருந்தால் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்த இடத்தில் "சரி பண்ணித் தருகிறேன்" என்பவரைவிட "இது ஆகாது, வேறு பிளாக் பாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவரே நம்பத் தகுந்தவர். அந்தப் பட்டறைக்கு அடுத்த வேலையைத் தயங்காமல் கொண்டுபோகலாம்.

எங்கே தேடுவது

லாரித் தொழில் உள்ள ஊர்களில் பிளாக் வேலைக்குப் பஞ்சம் இல்லை. நாமக்கல், சங்ககிரி வட்டாரமும், ரிக் வண்டிகள் நிறைந்த திருச்செங்கோடும், பம்பும் மோட்டாரும் செய்யும் கோயம்புத்தூரும் அப்படிப்பட்டவை. அங்கே எந்திரமும் உண்டு, தேர்ந்த ஆளும் உண்டு. ஆனால் ஆறு சிலிண்டர் லாரி பிளாக் வரிசையில் நிற்கும்போது ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினோடு போகும் விவசாயியைக் கடைசியில் நிறுத்துவார்கள். வேலை சிறியது, லாபமும் சிறியது. அதற்குப் பட்டறைக்காரரைக் கோபிப்பதில் பயன் இல்லை.

இதற்கு வழி, சேர்ந்து போவதுதான். ஓர் ஊரில் ஏழெட்டு எஞ்சின் இருந்தால் கோடையில் இரண்டு மூன்றாவது வேலைக்கு இருக்கும். ஒரே வண்டியில் ஏற்றிப் போய், முன்கூட்டிப் பேசி வைத்த நாளில் இறக்கினால் வாடகையும் குறையும், பட்டறையிலும் மதிப்புக் கிடைக்கும். தண்ணீர் தேவைப்படும் நாளில் எஞ்சினைப் பிரிப்பதுதான் எல்லாச் சங்கடத்துக்கும் மூலம். புகை நீலமாக வருகிறது, ஆயில் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது என்றால் எஞ்சின் அறிவிப்புக் கொடுத்துவிட்டது என்று பொருள். அறுவடை முடிந்த கையோடு பிரிக்க வேண்டும்.

அரசு தரப்பிலும் செய்ய வேண்டியது இருக்கிறது. புதிய கருவி வாங்க மானியம் தரும் மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கியது. வாடகை மையங்கள் வந்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் இருக்கிற எஞ்சினைச் செம்மையாகப் பழுது பார்க்க வழி செய்வதில் அந்த அளவு அக்கறை காணப்படவில்லை. பழைய எஞ்சின் எடைக்குப் போய்ப் புதியது கடனில் வருவது யாருக்கு லாபம் என்பதை யோசித்துப் பார்க்கலாம். மாவட்டந்தோறும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே கடைசல், பொருத்துநர், டீசல் மெக்கானிக் பிரிவுகளில் பிள்ளைகள் அளவெடுக்கக் கற்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் விவசாயிகளின் பிளாக்கையும் கிராங்கையும் அளந்து, கையெழுத்திட்ட சீட்டு ஒன்று கொடுத்தால் போதும். கடைவது தனியார் பட்டறையிலேயே நடக்கட்டும். சீட்டோடு வருகிற விவசாயியிடம் 0.25 வேலைக்கு 0.75 அடிக்க யாருக்கும் மனம் வராது. பிள்ளைகளுக்கும் பாடப் பலகையில் இல்லாத உண்மைத் தேய்வைப் பார்த்த பயிற்சி கிடைக்கும். கூட்டுறவுச் சங்கங்கள் பயிர்க் கடனோடு எஞ்சின் பழுதுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கினால், மெக்கானிக்கிடம் கடன் சொல்லி அவர் காட்டிய பட்டறைக்கே போகும் நிர்ப்பந்தம் தீரும்.

பிளாக்கைத் திரும்ப எடுக்கும்போது

ஹெட்டைத் தளம் எடுத்திருந்தால் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பூட்டும்போது பிஸ்டன் தலையில் மெல்லிய ஈயக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை இறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு கழற்றி நசுங்கிய கம்பியின் கனத்தை அளந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி தெரியும். கையேட்டில் சொன்னதைவிடக் குறைந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும்; மிகக் கூடினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பிளாக்கைக் கழுவ வேண்டும். ஹோனிங் கல்லின் பொடி சுவரின் கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். டீசலிலோ மண்ணெண்ணெயிலோ துணி நனைத்துத் துடைத்தால் அது போகாது. இன்னும் உள்ளேதான் போகும். சுடுதண்ணீரும் சோப்பும் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரை மறுபடி கழுவ வேண்டும். உடனே ஆயில் தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் துருப் பூக்கும். நல்ல பட்டறையில் இதைச் செய்தே கொடுப்பார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் விவசாயி தம் கண் முன்னால் இன்னொரு முறை கழுவச் சொல்லலாம். செலவு ஒரு சோப்புக் கட்டிதான். பூட்டிய பின் முதல் சில மணி நேரம் பாதிச் சுமையில் ஓட்டி, அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிய ஆயில் ஊற்றி, ஹெட் போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் வரிசையில் மறுபடி இறுக்கிய பிறகே முழுத் தண்ணீர் இறைக்க விட வேண்டும்.